விற்கிற மூட்டையிலிருந்து

ஜனவரி 4, சனிக்கிழமை

அன்புள்ள அம்மா,

இன்று மதியம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "இது எங்கம்மா கடை அரிசி." அவ்வளவுதான். வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

எங்கள் உணவு வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. உனக்கு இதுவரை சொன்னதில்லை. அந்த வாரம் வந்து இறங்கிய சாமான்களில் கொஞ்சம் எடுத்து, சனிக்கிழமை மதியம் கிடங்கிலேயே சமைப்போம். பிரிக்கிறவர்கள், எடை போடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சாப்பிட வேண்டும். எங்கள் தொண்டையில் இறங்காத எதுவும் அலமாரிக்குப் போகக் கூடாது. நான்கு மணிக்குக் கதவைத் திறந்ததும் குடும்பங்கள் கூடையோடு வந்து, கடையில் எடுப்பது போல வேண்டியதைக் காசில்லாமல் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

நீ அனுப்பிய பத்து மூட்டையும் காலையில் வந்து சேர்ந்தது. வணிகர் சங்கத்தின் பேர் போட்ட துணியை லாரியின் முன்னால் கட்டி அனுப்பியிருந்தாய். பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. நர்ஸம்மாதான் உலை வைத்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வருகிறவர் அவர். அரிசி கொதிக்க ஆரம்பித்ததும் ஒரு வாடை கிளம்பியது. மழையில் நனைந்த சாக்கைச் சுருட்டி அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்தால் வருமே, அது.

"யாரு வீட்டுத் துணிப்பா இன்னும் காயல?" என்றார் மேனேஜர். அவர் பெரிய வங்கி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பணமிருக்கிற வங்கியிலிருந்து பணமில்லாத வங்கிக்கு மாற்றலாகி வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். இந்த இடத்தை நடத்துவது அவர்தான்.

நர்ஸம்மா ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார். "குடுத்த புண்ணியவானுக்கு ஜலதோஷம் போல. பாவம், மூக்கு வேலை செய்யல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மா.

வழக்கப்படி அந்த மூட்டைகளை அங்கேயே ஒதுக்கியிருக்க வேண்டும். மேனேஜர்தான் தயங்கினார். "பத்து மூட்டைம்மா. மாசா மாசம் தர்றேன்னு வேற சொல்லியிருக்காங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொன்னா அடுத்த மாசம் யாரு தருவா? விடுதிக்காரங்க குடுத்த நல்ல அரிசி இருக்குல்ல, அது ரெண்டு பங்கு, இது ஒரு பங்கு. கலந்துட்டா தெரியாது. என்ன சொல்றே?"

பிரிக்கும் கூடம் என் பொறுப்பு என்பதால் என்னைக் கேட்டார். இது யார் கடை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுக் கதையை நான் எங்கேயும் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே. "கலந்துடலாம்" என்றேன். நானே மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து புரட்டிப் புரட்டிக் கலந்தேன்.

ஏற்றும்போது கடைப்பையன்கள் மூட்டையை மாற்றிவிட்டார்களோ? ஒரு முறை பார்த்துச் சொல். பதிலை லாரிக்கார அண்ணனிடமே கொடுத்துவிடு, வாரா வாரம் இந்தப் பக்கம் வருகிறவர்தானே. போனில் வேண்டாம். நீ கல்லாவில் உட்கார்ந்து பேசினால் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்.

உன் மகள்

*

ஜனவரி 9

புத்தகப்பூச்சிக்கு அம்மா எழுதுறது. இடுப்பைத் தவிர மத்ததெல்லாம் நல்லா இருக்கு. நீ வேளைக்குச் சாப்பிடறியா, இல்ல படிச்சுக்கிட்டே ஒரு கையால அள்ளிப் போட்டுக்கறியா? அடுத்த தடவை வரும்போது முகம் ஒட்டிப் போயிருந்தா உன் புத்தக அலமாரியைப் பூட்டிடுவேன், சொல்லிட்டேன்.

மூட்டை மாறல. நான்தான் ஏத்தச் சொன்னேன். போன மழையில கிடங்கோட பின் மூலையில ஓடு ஒழுகினது தெரியும்ல. அங்க அடுக்கி இருந்தது அது. வெயில்ல கொட்டி, நாலு நாள் காய வெச்சு, சலிச்சு, புது சாக்கு மாத்தி அனுப்பினேன். கூலிக்கு ஆள் வெச்சுச் செஞ்ச வேலை. காசு குடுக்கிறவங்களுக்கு அதைப் போட முடியாது. வாங்க வர்றவங்க மூட்டையை ஓட்டை போட்டு மோந்து பாத்துட்டுத்தான் வாயையே திறப்பாங்க. அதுக்காகச் சோத்துக்குப் போற சாமானைக் குப்பையில கொட்ட எனக்குக் கை வருமா? நாலு தண்ணி நல்லாக் களைஞ்சா வாடை போயிடும். உன் நர்ஸம்மாவுக்கு அரிசி களையத் தெரியுமான்னு கேளு. எனக்கு ஜலதோஷமாம். அவங்களை நான் ஒரு நாள் நேர்ல பாக்கணும்.

அதெல்லாம் இருக்கட்டும். கலந்தியா? நீயா? மண்வெட்டி எடுத்து? உன் கடிதத்தைப் படிச்சுட்டு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கல. இத்தனை வருஷத்துல நம்ம கடையில ஒரு அரிசியோட இன்னொரு அரிசியைக் கலந்தோம்னு எதிராளி கூடச் சொன்னதில்ல. நான் கொடுத்தது ஒரு மாதிரியா இருந்தாலும் அது என்னன்னு பார்த்தாலே தெரியும். நீ பண்ணினது பார்த்தா தெரியாது. ரெண்டும் ஒண்ணா? நனைஞ்சு காஞ்ச அரிசி சீக்கிரம் குழைஞ்சிடும், மத்தது வேகவே ஆரம்பிச்சிருக்காது. அந்த மேனேஜர் நோட்டை எண்ணின ஆளு, அவருக்கு அரிசியைப் பத்தி என்ன தெரியும்? அரிசிக்காரி பொண்ணு நீ, உனக்குமா தெரியாது?

சங்கத்துல எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. தலைவரே, "கடைக்காரம்மா மாசம் பத்து மூட்டைன்னு ஆரம்பிச்சு வெச்சுட்டாங்க, நீங்கள்லாம் என்ன பண்ணப் போறீங்க"ன்னு ஆம்பளைங்களைப் பார்த்துக் கேட்டாரு. உங்கப்பா இருந்து பார்த்திருக்கணும்.

குளிக்கும்போது வெந்நீர் போட்டுக்கோ.

உன் அம்மா

*

ஜனவரி 18, சனிக்கிழமை

அன்புள்ள அம்மா,

கலந்ததைப் பற்றி நீ சொன்னது சரி. அதை எனக்கு இன்று ஒரு தையல்காரம்மா காட்டிக் கொடுத்தார்.

இரண்டு பிள்ளைகள் அவருக்கு. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிற கம்பெனி மூடிய பிறகு வருகிறார். போன சனிக்கிழமை வரவில்லை. இன்று எல்லாரும் போகும்வரை வாசல் ஓரமாகவே நின்றார். அப்புறம் பையிலிருந்து பாதி அரிசியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. வேற யாருக்காவது குடுங்க. எனக்கு இதை வடிக்கத் தெரியல."

"வடிக்கத் தெரியலையா?"

"பாதி கூழாப் போயிடுது, பாதி பல்லுல நிக்குது. எங்க அடுப்புதான் சரியில்லைன்னு திரியை மாத்திப் பாத்தேன். தண்ணியைக் குறைச்சு வெச்சேன், கூட்டி வெச்சேன். வேகட்டும் வேகட்டும்னு விட்டதுல மண்ணெண்ணெய் தீந்து போச்சு. பெரியவ சொல்றா, 'அம்மா, நீ முன்னாடி நல்லாத்தானே சமைப்பே'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், அம்மா. அவருக்கு எங்கள் மேல் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருடமாகச் சோறு வடித்த கை, தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறது. கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று அந்த வாரம் முழுக்க வராமல் இருந்திருக்கிறார். பசியோடு.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். "உங்க கை மேல தப்பில்லைங்க. நாங்கதான் ரெண்டு அரிசியைக் கலந்தோம். அதுல ஒண்ணு நனைஞ்ச அரிசி." மேஜை மேல் வைத்த அரிசியை விரலால் கிளறிப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா தனித்தனியா பொறுக்கியாவது வடிச்சிருப்பேனே" என்றார்.

அவர் போன பிறகு மேனேஜரையும் நர்ஸம்மாவையும் உட்காரவைத்து, இது என் அம்மாவின் கடை என்று சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நர்ஸம்மா, "ஐயோ, ஜலதோஷம்னு சொன்னேனேடி" என்று தலையில் கை வைத்தார். அப்புறம் அவரே, "ஜலதோஷமோ என்னமோ, பூஞ்சை பட்ட அரிசி சின்னப் பிள்ளைங்க வயித்துக்கு ஆகாது. அதை உங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். கலந்து வைத்ததில் மிச்சமிருந்ததை இன்றைக்கே வெளியே எடுத்துவிட்டோம்.

கலந்தது என் தப்பு. அதற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அரிசி உன்னுடையது. சோற்றுச் சாமானைக் கொட்ட உனக்குக் கை வரவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. கொட்ட மனம் வராத அதை நீ எங்கள் தட்டில் கொட்டியிருக்கிறாய்.

ஒன்றுதான் கேட்கிறேன். விற்கிற மூட்டையிலிருந்து அனுப்பு. பத்து வேண்டாம், முடிந்த அளவு போதும். ஒரு மூட்டையானாலும் போதும். பிப்ரவரி முதல் சனிக்கிழமை அதே அரிசி வந்தால் இறக்க மாட்டேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே.

வெந்நீரில்தான் குளிக்கிறேன்.

உன் மகள்

*

ஜனவரி 30

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிக்க மனசு வரல.

அந்தத் தையல்காரம்மா கதையைப் படிச்சப்போ எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஆனா நீ எழுதியிருக்கிற தோரணை இருக்கே, வாங்க வர்ற கல்யாண வீட்டுக்காரன் கூட இப்படிப் பேச மாட்டான். இலவசமா வர்றதை மோந்து பார்த்து, தரம் பிரிச்சு, இது வேணும் அது வேண்டாம்னு. அதுவும் யாருகிட்ட?

விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஷட்டரைத் தூக்கினதுல போன இடுப்பு இது. நீ புத்தகத்துக்கு எழுத்துப் பிழை பார்க்கிற வேலையில உட்கார்ந்திருக்கேன்னா அது இந்தக் கடை போட்ட சோறு. இப்ப அம்மாகிட்டயும் பிழை பார்க்க ஆரம்பிச்சுட்டே.

ஒரு மூட்டை அனுப்பறதாம். பத்துன்னு சங்கத்துல சொல்லிட்டு ஒரு மூட்டையை ஏத்தினா, எதிர்க் கடைக்காரன் டீ வாங்கிக் குடுத்துச் சிரிப்பான். பத்தும் விக்கிற மூட்டையா ஏத்தினா அடுத்த மாசம் நான் உன் வரிசையில கூடை தூக்கிட்டு வந்து நிக்கணும். உனக்கு வியாபாரம் தெரியாது. தெரியாததுல தப்பில்ல, தெரிஞ்ச மாதிரி எழுதாதே.

சனிக்கிழமை லாரி வரும். பத்து மூட்டையோட வரும். இந்தத் தடவை இன்னும் ரெண்டு நாள் கூடக் காய வெச்சிருக்கேன். இறக்க மாட்டேன்னா திருப்பி அனுப்பு. ஊர் பார்க்க அம்மா மூட்டையைத் திருப்பி அனுப்பறதுக்கு உனக்குத் தெம்பு இருக்கான்னு நானும் பார்க்கிறேன். அப்படி அனுப்பினா, இனிமே எனக்குக் கடிதமும் வேண்டாம்.

அம்மா

*

பிப்ரவரி 1, சனிக்கிழமை

அன்புள்ள அம்மா,

இன்று இரவு திரும்புகிற லாரியில் இந்தக் கடிதம் உன் பத்து மூட்டையோடு சேர்ந்து வருகிறது.

நம்பிக்கையோடுதான் முதல் சாக்கைப் பிரித்தேன். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தேன், சின்ன வயதில் நீ எனக்குக் கற்றுக்கொடுத்தபடி. மேலே இருந்தது காய்ந்திருந்தது. அடியில் அதே வாடை. இரண்டாவது சாக்கும் அப்படித்தான். மூன்றாவதைப் பிரிக்கவில்லை.

லாரிக்கார அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பாப்பா, உள்ளே போட்டுடு. அப்புறமா பேசிக்கலாம். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அம்மாகிட்ட போய் நிப்பேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணே. கடிதம் தர்றேன்."

"கடிதத்தை நீ குடுப்பே. திட்டு யாரு வாங்குறது?"

அதற்குள் பிரிக்கும் கூடத்திலிருந்து எல்லாரும் ஷட்டர் பக்கம் வந்துவிட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். "நாலு மணிக்கு அறுபது குடும்பம் வரும்மா. விடுதி அரிசி பாதிக்குக் கூடக் காணாது. நீ சொல்றது நியாயம்தான். ஆனா நியாயத்தைக் கூடையில போட முடியுமா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் நான் அதற்குள் இந்த வாரம் முழுக்க அரிசி கேட்டு வீடு வீடாகப் போயிருந்தேன். நான் குடியிருக்கிற கட்டடத்தில் அடுத்த வீட்டுக்காரரோடு கூடப் பேசாதவள், அம்மா. மாடி மாடியாக ஏறி மணியடித்தேன். எங்கள் குடியிருப்பின் செயலாளர் கதவைப் பாதி திறந்துகொண்டு, "எந்த மாதிரி அரிசி வேணும்? பழசு ஏதாவது கிடக்கான்னு பாக்கச் சொல்றேன்" என்றார். "நீங்க இன்னைக்கு உலையில எதைப் போட்டீங்களோ, அதுல ஒரு நாள் அளவு" என்றேன். "நாங்க சாப்பிடறதா?" என்றார். "ஆமா சார், நீங்க சாப்பிடறது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதவை முழுக்கத் திறந்தார். அவர் மனைவி அரிசியோடு ஒரு பை பருப்பும் கட்டிக் கொடுத்தார். சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை விட்டார்கள், ஆனால் அது என்னைவிடக் கூச்ச சுபாவம்.

அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டவில்லை. ஒரு வீட்டு அரிசி ஒரு பை.

ஆகவே எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "இது எங்கம்மா கடை அரிசி. நல்லா இல்ல. திருப்பி அனுப்பறேன்." நர்ஸம்மா சாக்கின் வாயை மறுபடி தைக்க ஆரம்பித்தார். காயம் தைக்கிற கை, நன்றாகவே தைத்தார்.

இன்று எல்லாருக்கும் வழக்கமானதைவிடக் குறைவாகத்தான் அரிசி கிடைத்தது. கதவருகே நின்று ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன்: இந்த வாரம் கம்மி, ஆனா நாங்க சாப்பிட்ட அரிசி. சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியவர், "கம்மின்னு எனக்கே தெரியுது, காரணமா கேட்டேன்?" என்று கோபித்துக்கொண்டு போனார். அந்தக் கோபம் நியாயமானது, வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அவருக்குக் குறையக் கூடாது, அதற்கு என்ன செய்வது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வியாபாரம் தெரியாது, சரி. ஒன்று தெரியும். அப்பா இறந்துபோன வருடம் கடை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. பாதி அலமாரி காலியாக இருந்தது. அப்போதும் வீட்டுக்கு என்று நீ மட்டமான மூட்டையைப் பிரித்ததில்லை. விற்கிற மூட்டையிலிருந்துதான் அளந்து எடுத்து வந்தாய், கொஞ்சமாக இருந்தாலும். நீ எனக்குப் போட்ட சோற்றில் ஒரு நாள் கூட வாடை வந்ததில்லை. எனக்குத் தெரிந்த தரம் அது ஒன்றுதான். அதை உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதாமல் இருக்கலாம். நான் எழுதுவேன்.

உன் மகள்

*

பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மா,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. லாரிக்கார அண்ணனைக் கேட்டால், "நல்லா இருக்காங்க, நல்லா திட்டறாங்க" என்கிறார். இடுப்புக்கு டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன். "அதை நான் கேட்டா எனக்கு வேலை போயிடும் பாப்பா" என்கிறார்.

இங்கே வேலை நடக்கிறது. எங்கள் குடியிருப்பில் இப்போது செயலாளரே மணியடிக்கிறார், நான் மாடி ஏற வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற ரொட்டிக் கடைக்காரர், மிஞ்சினதைச் சாயங்காலம் தருகிறேன் என்று வந்தார். மிஞ்சினது வேண்டாம், காலையில் சுட்டதில் கொஞ்சம் தாருங்கள் என்றேன். "உனக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்துச் சூடாக ஒரு கூடை அனுப்பினார். போன வாரம் வழக்கமான அளவு அரிசியை எல்லாருக்கும் கொடுக்க முடிந்தது. கோபித்துக்கொண்ட பெரியவரிடம் நானே பையை நீட்டினேன். எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். அவரை உனக்குப் பிடிக்கும்.

தையல்காரம்மா சனிக்கிழமைகளில் பிரிக்கும் கூடத்துக்கு வந்து பை தைத்துத் தருகிறார். சும்மா வாங்கிக்கொண்டு போக ஒரு மாதிரியாக இருக்கிறதாம். அப்படியெல்லாம் நினைக்க வேண்டாம் என்றேன். "நினைக்கலைம்மா, உங்க தையல் கண்றாவியா இருக்கு" என்றார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதனால் மன்னித்துவிடு என்று எழுதிச் சுலபமாகத் தப்பிக்கப் பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்டால் அடுத்த முறை அந்த மூட்டையை இறக்குவேன் என்று ஆகிவிடும். இறக்க மாட்டேன். நாளை மாதத்தின் முதல் சனிக்கிழமை. உன் லாரி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் சாக்கைப் பிரித்துப் பார்ப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டரிடம் போ.

உன் மகள்

பி.கு., மார்ச் 1: இந்தக் கடிதத்தை இன்று கொடுத்தனுப்பலாம் என்று வைத்திருந்தேன். நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் லாரி வந்தது. முன்னால் சங்கத்துத் துணி இல்லை. நீ போன வாரச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "என் மூட்டை திரும்பி வந்துடுச்சு, என் பொண்ணுதான் அனுப்பினா, இனிமே பத்து முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்ததாக லாரிக்கார அண்ணன் சொன்னார். யாரும் சிரிக்கவில்லையாம். இரண்டு மூட்டை இறங்கியது. இரண்டையும் அடி வரை பார்த்தேன், நல்ல அரிசி. கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சாயங்காலத்துக்குள் இரண்டு மூட்டையும் தீர்ந்துவிட்டன.